டீ குடிச்சிட்டு வந்துடறேன் மேடம்

எங்கள் கடைக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வருகிறவர், பல நாள் வந்ததும் செய்கிற முதல் வேலை வெளியே போவதுதான். தோள்பையைக் கழற்றி நாற்காலியில் வைப்பார். மெஷினை ஒரு பார்வை பார்ப்பார். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். "டீ குடிச்சிட்டு வந்துடறேன் மேடம்" என்று எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். சில நாள் பத்து நிமிடத்தில் திரும்புவார். சில நாள் ஒரு மணி நேரமானாலும் ஆள் அசையமாட்டார். அப்படி என்னதான் குடிக்கிறார், அண்டாவோடு கவிழ்த்துக்கொள்கிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு சில நாளிலோ, வந்த கால் செருப்பைக் கழற்றியதும் நேரே மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். டீ ஞாபகமே இருக்காது. எந்த நாள் எப்படி என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை.

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் 2004-இல் அந்த டி.டி.பி. கடையைத் திறந்தேன். 2012-இல் மூடினேன். பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே ஒரே மெஷினில்தான் நடந்தன. எனக்குப் பிறந்த ஊர் கடலூர். மாதா கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டுச் சமையலறைப் பாத்திரம் அதிரும். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தபோது கையோடு ஒரு மாதா படத்தைக் கொண்டுவந்திருந்தேன். கடை திறந்ததும் அதைக் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினேன். எனக்குப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்படிப்பட்ட எனக்கு அப்படிப்பட்ட மனிதர் வந்து வாய்த்தார்.

எல்லோரும் அவரை 'சிஸ்டம் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவரும் கடலூர்க்காரர்தான். துறைமுகத்துப் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வழியில் இருந்த பாதிக் கடைகளின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பஸ்ஸில்தான் வருவார்.

கடலை விட்டுவிட்டு இதற்கு எப்படி வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"போட்டுல ஏறுனா எனக்கு வாந்தி மேடம். அப்பா ரெண்டு தடவ கூட்டிட்டுப் போயிப் பாத்தாரு. மூணாவது தடவ பாலிடெக்னிக்ல சேத்துவுட்டுட்டாரு."

அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை. சொல்லவேண்டியதைச் சொன்னார், ஸ்க்ரூ டிரைவரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டை எப்போதும் துவைத்து மடித்ததாக இருக்கும்.

அவரிடம் சில நியமங்கள் உண்டு. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். திரையில், பொறு என்று சொல்லும் மணல்கடிகாரம் வந்தால் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நான் அதற்குள் நான்கு முறை கிளிக் செய்துவிடுவேன். அவர் முகம் சுருங்கும்.

"ஒரு தடவ கூப்புட்டாச்சுல்ல மேடம். அது வந்துட்டுதான் இருக்குது. வர வழியில திரும்பத் திரும்பக் கூப்புட்டா அது எங்க போவும்?"

"எனக்கு வேலை இருக்கு சார்."

"இருக்கும் மேடம். அதுக்கும் இருக்குது."

இப்படிப் பேசுகிறவரிடம் யார் என்ன பேசமுடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு பத்திரிகைக் கட்டை மடிக்கப் போய்விடுவேன்.

கடை திறந்து இரண்டு வருஷம் கழிந்த சமயம், மாணவர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து ஒரு பையனுடைய முழு அத்தியாயத்தையும் தின்றுவிட்டது. அப்போது சிஸ்டம் சார் வந்து ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் வாட்ச்மேன்.

"இனிமே வாட்ச்மேன் பாத்துக்குவான் மேடம். நேரம் போட்டு வச்சிருக்கேன். தினம் ஒரு ரவுண்டு வந்து எல்லா ஃபைலையும் தொறந்து பாத்துட்டுப் போவான். நீங்க அவசரத்துல நிறுத்திப்புடுவீங்கன்னு பாஸ்வேர்டு போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அந்த ரவுண்டு கடை மூடும் நேரத்தில் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் அப்படி ஒன்று ஓடுவதே தெரியவில்லை.

2007-இல் தொடங்கியது வினை. ஃபைல்கள் பெருகிவிட்டன, ஆன்டிவைரஸும் புதுப் பதிப்பு வந்து கனத்துப்போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று உட்கார்ந்துவிடும். உள்ளே இருக்கும் விசிறி அரவை மில் மாதிரி சத்தம் போடும். நான் ஒரு வார்த்தை அடித்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக, மனமில்லாமல் வந்து நிற்கும். பிரிண்ட் கொடுத்தால் பாதித் தாள் வெளியே நீட்டியபடி நின்றுபோகும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இப்படி. பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் சரியாகிவிடும். ஒரு நாள் காலையில் கடை திறந்த சூட்டோடு, ஒரு நாள் உச்சி வெயிலில், ஒரு நாள் சாயங்காலம். ஒரே நேரத்தில் வந்தாலாவது அந்த நேரத்தில் சாப்பிடப் போகலாம். அதற்கும் வழியில்லை. வாசலில் ஆட்கள் நிற்பார்கள். "என்னாங்கக்கா, இன்னும் ஆவலியா?" என்று கேட்டே கொல்வார்கள்.

சிஸ்டம் சாருக்குப் போன் போடுவேன். மறுநாள் வருவார், டீ குடிக்கப் போவார், வந்து உட்காருவார். அவர் உட்கார்ந்த சற்று நேரத்தில் மெஷின் உறுமத் தொடங்கும். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறப்பார். எல்லாவற்றுக்கும் நேராகச் சைபர், சைபர், சைபர். ஒன்றுக்கு மட்டும் தொண்ணூற்றொன்பது. மெஷினின் மூளை மொத்தத்தையும் அது ஒன்றே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"யார் சார் அது?"

"வாட்ச்மேன்தான் மேடம்."

"அப்ப அவனைத் தூக்குங்க!"

"வாட்ச்மேன் ஓடுறான்னா திருடன் இருக்கான்னுதானே அர்த்தம்? உள்ள பூச்சி ஏதோ இருக்குது. அதான் விடாம தேடுறான். பூச்சியப் புடிக்காம வாட்ச்மேன அனுப்புனா எப்புடி?"

அந்தப் பூச்சியைப் பிடிக்க அவர் செய்யாதது இல்லை. பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். மெமரித் தகட்டைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினார். கரண்ட் ஜாஸ்தி வருகிறதோ என்று ஸ்டெபிலைசரை மாற்றினார். விசிறியை மாற்றினார். எதுவும் சரிப்படாமல், ஒரு நாள் இரண்டாவதாக இன்னொரு ஆன்டிவைரஸைப் போட்டார். முதல் வாட்ச்மேனுக்குத் துணையாம். அன்றிலிருந்து ஒருவன் திறந்த ஃபைலை இன்னொருவன் சோதிக்க, அவன் திறந்ததை இவன் சோதிக்க, மெஷின் மூன்று மணி நேரம் படுத்தது போய் நான்கு மணி நேரம் படுத்தது. அவரோ வெறும் டீயைக் குடித்துவிட்டு, "பொறுங்க மேடம், பூச்சி ஆப்ட்டுக்கும்" என்பார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிச் சந்தில் எறிந்திருப்பேன். மாதா படம் பார்த்துக்கொண்டிருந்ததால் எறியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புவனகிரிப் பெண் ஒருத்தி என்னிடம் ஆய்வேடு கொடுத்திருந்தாள். வெள்ளாற்றுப் பாசனத்தைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்தவள். பெரிய பெரிய அட்டவணைகள். இடையில் கல்யாணம், மாமனாருக்குப் பக்கவாதம், அவரைப் பார்த்துக்கொண்டது எல்லாம் சேர்ந்து தாமதமாகி, பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை அவகாசம் வாங்கிவிட்டாள். மூன்றாவது முறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் குப்பை. வேறு கடைக்கும் போகமுடியாது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒவ்வொரு கடையிலும் ஒன்று. வேறு மெஷினில் திறந்தால் பக்கமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அவள் தினமும் வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷின் எப்போது மூச்சு விடும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

சிஸ்டம் சார்மேல் எனக்கு எரிச்சல் மட்டுமே இருந்தது என்று சொன்னால் அது பொய். அந்த வருஷம் ஆனித் தேரோட்டத்தன்று அவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தேர் பார்க்க வந்த இருவரும், கூட்டத்துக்குப் பயந்து என் கடையில் ஒதுங்கினார்கள். ஏழெட்டு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. இரட்டைப் பின்னல் அழகாகப் போட்டிருந்தது. "நான்தான் மேடம் பின்னுவேன். அவுங்கம்மா இழுத்துப் பின்னுவா, பாப்பாவுக்கு வலிக்கும்" என்றார்.

படம் வரையும் பக்கத்தைத் திறந்து, மவுஸை அந்தக் குழந்தையின் கைக்குள் வைத்தார். அவர் கையை மேலே வைக்கவில்லை. அது ஒரு கோடு இழுத்தது. ஒரே ஒரு கோடு. நான் இரண்டு பத்திரிகை மடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கோடு போய்க்கொண்டே இருந்தது. அவர் திரையைப் பார்த்தபடி, முதல்முறை தேர் பார்க்கிறவர் போல முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. நான் அவசரப்பட்டு, "தண்ணி வேணுமா கண்ணு?" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். கடைசியில், "ஆ...யா... பூ" என்றது. என் தலையிலிருந்த பூவைத்தான் சொல்லியிருக்கிறது. கனகாம்பரம். எடுத்து அதன் பின்னலில் வைத்தேன். அன்று இரவு வரைக்கும் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.

ஆனால் மறுநாள் மெஷின் உட்கார்ந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது.

கடைசித் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெரியவர், மகள் கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். மஞ்சள் தடவிய தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வந்தவர் படியேறவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க ஐயா, ஏன் நிக்கிறீங்க?"

"இருக்கட்டும்மா. பத்தரை ஆவட்டும். ராகு காலம் போவட்டும். நல்ல காரியம் பாரு."

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் பார்ப்பதில்லை. சரி என்று என் வேலையைப் பார்த்தேன். புவனகிரிப் பெண்ணின் ஐந்தாவது அத்தியாயம் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தது. பத்தரை ஆனதும் பெரியவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அவர் கால் தரையில் பட்டதும் மெஷின் உறுமியது.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஐயா, நேத்து ராகு காலம் எப்ப?"

"வெள்ளிக்கிழமையா? பத்தரைலேந்து பன்னெண்டு."

முந்தின நாள் மெஷின் உட்கார்ந்தது உச்சி வேளையில். பள்ளிவாசல் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்.

"வியாழன்?"

"ஒன்றரைலேந்து மூணு."

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை அன்று திருப்பி அனுப்பியிருந்தேன்.

"திங்கட்கிழமை?"

"ஏழரைலேந்து ஒம்போது. ஏம்மா, எதுனா விசேஷமா?"

திங்கட்கிழமை கடை திறக்கும் நேரம் ஒன்பது. நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ராகு காலம் எந்த நிமிடம் முடிகிறதோ அந்த நிமிடம் வாட்ச்மேன் ரவுண்டுக்குக் கிளம்புகிறான். கிழமைக்கு ஒரு நேரமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் மனிதர். கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவர் டீ குடிக்கப் போனதெல்லாம் டீ குடிக்க அல்ல. ராகு காலத்தில் வந்து இறங்கிய நாளெல்லாம் அது முடிகிற வரைக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முடிந்ததும் உள்ளே வருகிறார். அதே நேரத்துக்கு வாட்ச்மேனும் வருகிறான். இருவரும் ஒன்றாக என் கடைக்குள் நுழைந்து என் பிழைப்பைக் கெடுத்திருக்கிறார்கள்.

உடனே போன் போட்டேன். மங்கலூரோ எங்கேயோ சொந்தக்காரர் சாவுக்குப் போயிருந்தார். பாஸ்வேர்டைக் கேட்டேன். "போன்ல வேணாம் மேடம், செவ்வாக்கிழமை நேர்ல வந்து பாத்துடறேன்" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை நேரம் தவறாமல் வாட்ச்மேன் வந்தான். வந்து, நான் சேமித்துக்கொண்டிருந்த அட்டவணை ஃபைலைப் பாதியில் நிறுத்திக் கெடுத்துவிட்டான். புவனகிரிப் பெண் அன்றைக்குத்தான் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அட்டவணைகளை மறுபடி அடித்தேன். அன்று சாயங்காலமும் செவ்வாய் காலையும் அதிலேயே போயிற்று. மதியம் மூன்றுக்கு மேல் எல்லாம் தயார். மூன்று பிரதி பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, ஐந்தரைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவேண்டும். நாலரைக்கு வாட்ச்மேன் வந்துவிட்டால் தீர்ந்தது.

சிஸ்டம் சார் மூன்றேகாலுக்கு வந்தார். பையை நாற்காலியில் வைத்தார். மெஷினைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீ குடிச்சிட்டு வந்துடறேன் மேடம்."

நான் வாய் திறப்பதற்குள் சந்தைத் தாண்டிவிட்டார். பிரிண்டரை ஓடவிட்டு நானும் பின்னாலேயே போனேன். டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"எந்திரிங்க சார். டீயும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு எல்லாம் தெரியும். செவ்வாக்கிழமை மூணுலேந்து நாலரை. அதானே?"

டம்ளர் அவர் கையில் அப்படியே நின்றது.

"வாட்ச்மேனுக்கும் அதே கணக்கு. ராகு காலம் முடிஞ்சா போதும், கெளம்பி வந்துடறான். இத்தன மாசமா பூச்சி பூச்சின்னு ரப்பரப் போட்டுத் தேச்சீங்களே சார்! அவனாலதான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"நல்ல நேரத்துல தொடங்குனது கெடுதி பண்ணாது மேடம்." மெதுவாகத்தான் சொன்னார். "அதனால அது மேல எனக்குச் சந்தேகமே வரலை. வேற எங்கியோதான் தப்பு இருக்குதுன்னு தேடிட்டே இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க மாதா படம் மாட்டியிருக்கீங்க. உங்ககிட்ட வந்து ராகு காலம்னு எப்புடிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, இப்ப வந்து அவன நிறுத்துங்க" என்றேன்.

"நாலரை ஆவட்டும் மேடம்."

"நாலரைக்கு அவன் வந்துடுவான் சார்!"

"இந்த நேரத்துல நான் எதையும் தொட மாட்டேன் மேடம். கோவிச்சுக்காதீங்க. பாப்பா பொறந்ததும் செவ்வாக்கிழமைதான். மூணு மணிக்கு டாக்டரம்மா பேப்பர நீட்டி, உடனே ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்துப் போடுன்னாங்க. நாலரை ஆவட்டும்னேன். அவுங்க கத்துனாங்க. எங்க வீட்டு ஆளுங்களே கத்துனாங்க. நான் போடலை. நாலரை ஆனதும் போட்டேன். பாப்பா உசுரோட பொறந்தா."

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். மருத்துவர் பேப்பரை நீட்டி 'உடனே' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சாய்ந்த அந்தக் கழுத்தும் மடங்கிய விரல்களும் கண்முன் வந்தன. நாக்கு நுனி வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். என்னதான் ஆத்திரக்காரி என்றாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவளையும் விட்டுவிட முடியவில்லை.

"சார், அங்க ஒருத்தி ஆறு வருஷமா சொமந்துட்டு உக்காந்திருக்கா. நாலரை வரைக்கும் காத்திருந்தா அவளுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

ஆய்வேட்டைத்தான் சொன்னேன். சத்தியமாக அதை மட்டும்தான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. எழுந்து எனக்கு முன்னால் சந்தைக் கடந்தார்.

கடைப் படியில் கொஞ்ச நேரம் நின்றார். ஸ்டூலில் இருந்த பெண் அவரைப் பார்த்து எழுந்து நின்றாள். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பாஸ்வேர்டைப் போட்டு வாட்ச்மேனை நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. திரையின் வலது மூலையில் சின்னதாக மணி காட்டுமே, அதன்மேல் இரண்டு முறை தட்டினார். பெரிய கடிகாரம் ஒன்று திறந்தது. அதன் முள்ளைப் பின்னால் தள்ளி இரண்டு மணியில் வைத்தார்.

"மெஷினுக்கு இப்ப ரெண்டுதான் மேடம். ராகு காலம் இன்னும் வரலை. வாட்ச்மேன் வரவும் நெறைய நேரம் கெடக்குது. நீங்க எடுங்க."

அவ்வளவுதான் செய்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் புவனகிரிப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்க நேரமில்லை. தாள் வர வர அவள் அடுக்க, நான் துளை போட, சிஸ்டம் சார் ஸ்பைரல் கம்பியைத் திருகித் திருகி ஏற்றினார். அந்த வேலையில் அவருக்கு இருந்த கை நிதானம் எனக்கு வராது. சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியது. மெஷின் உறுமவில்லை. கடைசிப் பிரதி முடிந்ததும் அவள் மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஐந்தரைக்குப் போன் வந்தது. "வாங்கிக்கிட்டாங்கக்கா" என்றாள். போனை வைத்துவிட்டு மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"குடுத்தாச்சாம் சார்."

அவர் தலையாட்டினார். பாஸ்வேர்டைப் போட்டு இரண்டாவது வாட்ச்மேனை எடுத்துவிட்டார். முதல் வாட்ச்மேனின் நேரத்தை, கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். மெஷினை எந்த நேரத்தில் ஓடவிட்டு வைக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அது ராகு காலம் முடிந்த நேரமாகத்தான் இருக்கும். அப்படித்தானா என்று நான் கேட்கவில்லை. கடைசியாகத் திரை மூலையில் இருந்த கடிகாரத்தைத் திறந்தார். சுவரைப் பார்த்து முள்ளைச் சரியான மணிக்கு நகர்த்திக் கொண்டுவந்தார். சரி செய்த பிறகும் அதை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரி செவுத்துலயும் ஒரு கடிகாரம் இருந்துச்சும்மா" என்றார். என்னை அவர் மேடம் என்று சொல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான். "கைக்கு எட்டுற ஒசரந்தான். திருப்பி வச்சிட்டுக் கையெழுத்தப் போட்டிருக்கலாம். அப்ப எனக்குத் தோணலை."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"டீ குடிச்சிட்டு வந்துடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ராகு காலம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.